லோஜினி போட்ட கறுப்புக் கரை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் இறந்துபோனால், லோஜினியின் கார்டு வரும்வரை வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் யாரும் அழுவதில்லை. அழத் தயாராக இருப்போம், அவ்வளவுதான். வட்ஸ்அப் குழுவில் ஒருவர் "பெரியப்பாவுக்கு முடியலையாம்" என்று எழுதுவார். இன்னொருவர் "சீரியஸ்" என்பார். கடைசியில் அந்தக் கார்டு வரும். வெள்ளைத் தாள், சுற்றிலும் கறுப்புக் கரை, நடுவில் முகம், கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். வலப்பக்கக் கீழ்மூலையில் கடுகளவில் ஒரு குத்துவிளக்கு. அது லோஜினியின் கடை முத்திரை. அந்த விளக்கைப் பார்த்த பிறகு யாரும் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார்கள்.

கடை மஸ்கெலியா பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. ஃபோட்டோகாப்பி, லெமினேட், கல்யாண வீடியோ, கோயில் திருவிழா பேனர் எல்லாம் உண்டு. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் பெயர் ரோஜாப்பூக்களுக்கு நடுவிலிருந்து சுழன்று வர வேண்டும் என்பார்கள், சுழற்றிக் கொடுப்பாள். "எழுத்து எப்படி வருதோ அப்படித்தான் ஆளும்னு நெனைக்கிறாங்க அண்ணே" என்று ஒருமுறை சிரித்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேல் லயத்தில் தாயோடு இருக்கிறாள்.

மரணக் கார்டில் மட்டும் அவள் விளையாடுவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. லோஜினிக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த அவளுடைய அப்பா இறந்துபோனார். தோட்டத்துக்கு வந்த செய்தி "சீரியஸ்" என்பதுதான். சாவை நேரே சொல்லக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும் என்பது நம் ஆட்களின் வழக்கம். தாயும் மகளும் ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, வாழையிலையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஐந்து மணி நேரமும் அந்தப் பொட்டலம் அவள் மடியில் இருந்தது. ஆறிவிடக் கூடாதென்று தாவணியால் மூடி வைத்திருந்தாளாம். போய் இறங்கியபோது பெட்டி தயாராக இருந்தது.

அதனால் அவளுக்கு ஒரு சட்டம். யார் வந்து கார்டு கேட்டாலும், எந்த மழையிலும், முதலில் அந்த வீட்டுக்குப் போவாள். முகத்தைத் தன் கண்ணால் பார்ப்பாள். பிறகுதான் கடையைத் திறந்து தேதியை அடிப்பாள். பதினொரு வருஷத்தில் ஒரு கார்டுகூடப் பிழையானதில்லை.

போன வருஷம் ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. தோஹாவில் பகல் சாப்பாட்டு நேரம். ரியாத்தில் இருக்கும் சின்னத்தம்பி ஒன்பது விநாடி வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தான். சின்னத்தம்பி எங்கள் பக்கத்துக் காம்பராவில், அடுத்த வீட்டில், வளர்ந்தவன். நாகலெட்சுமி அத்தையின் ஒரே மகன். நான் சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டே திறந்தேன்.

முதலில் தப்பு மேளச் சத்தம். மலைக்கு அந்தப் பக்கம் யாரோ அடிப்பதுபோலத் தூரத்தில். எங்கள் தோட்டத்துச் சாவு அடி அது. மூன்று மெலிதாக விழும், நாலாவது கனமாக விழும். மூன்று கேட்டது. திரை வெளுத்தது. கறுப்புக் கரை வந்தது. நடுவில் என் அப்பா.

வீரய்யா. தோற்றம் 1953.04.11. மறைவு என்ற இடத்தில் அன்றைய தேதி. மூலையில் விளக்கு.

நாலாவது அடி விழுவதற்குள் வீடியோ முடிந்துவிட்டது. கீழே சின்னத்தம்பி எழுதியிருந்தான்: "மச்சான், இப்பதான் பாத்தேன். என்னான்னு சொல்றது. மனச விட்றாத."

அப்பாவின் போனுக்கு எடுத்தேன். அணைந்திருந்தது. லோஜினிக்கு எடுத்தேன். அதுவும் அணைந்திருந்தது. அதற்குமேல் நான் யாருக்கும் எடுக்கவில்லை. மழை என்றால் மண்சரிவு, பதில் வராத அழைப்பு என்றால் மரணம் என்று வெளிநாட்டில் இத்தனை வருஷம் பயந்துகொண்டே இருந்தவன் நான். அது வந்துவிட்டது. இனி அதை ஒருவர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டாம் என்றிருந்தது. வளைகுடாவில் இருக்கும் எங்கள் தோட்டத்து ஆட்களின் குழுவில் அதற்குள் முப்பது பேர் கைகூப்பிவிட்டார்கள். விளக்கு இருக்கிறதே, வேறென்ன கேட்பது?

விடுமுறைப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் அப்பா இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஹட்டனில் படித்த ஆங்கிலம் அதற்காவது உதவியது. தமிழில் அந்த வாக்கியத்தை மனதுக்குள்கூடச் சொல்ல முடியவில்லை.

அன்று மாலையே விமானம் கிடைத்தது. விடிந்ததும் கட்டுநாயக்கவில் ஒரு வேன் பிடித்தேன். கினிகத்தேனையில் நிறுத்தி மாலை வாங்கினேன். யாருக்கு என்று கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார். அப்பாவுக்கு என்று சிங்களத்திலேயே சொன்னேன். அவர் எழுந்து நின்று, மாலையை இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

நோர்ட்டன் பிரிட்ஜ் பாதையில் ஏறி, நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்துத் திருப்பத்துக்கு வந்தபோது, பாதைக்குக் குறுக்கே சாவு வீட்டு வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தன. மழையில் நனைந்து கயிற்றோடு ஒட்டிக் கிடந்தன. வேன்காரர் அதைப் பார்த்ததும் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். அதுவரை எனக்குள் எங்கோ ஒரு மூலையில் பிழையாக இருக்கும் என்ற எண்ணம் ஒளிந்திருந்ததுபோல. அது அந்த இடத்தில் போய்விட்டது. கண்ணாடியை இறக்கினேன். மேலே எங்கோ தப்பு அடித்தார்கள்.

லயத்துக்கு முன்னால் இறங்கினேன். கூட்டம் இல்லை. பந்தல் இல்லை. எடுத்துவிட்டார்கள், நான் வருமுன்பே எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கப் பவுடர். ஒரு கையில் பால் விடாத சாயத்தண்ணிக் கோப்பை, மறு உள்ளங்கையில் சீனி. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"யாருக்குடா மாலை?"

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாயிலிருந்து என்ன சத்தம் வந்ததோ, பக்கத்துக் காம்பராவிலிருந்து நாகலெட்சுமி அத்தை ஓடிவந்தார்.

"அய்யய்யோ, நிரஞ்சன் தம்பியா! எப்ப வந்தீங்க? என்னா இப்பிடிப் பேயப் பாத்த மாதிரி..."

"நான்தான் பேயாம்" என்றார் அப்பா. "என்னடா ஆச்சு? சொல்லித் தொலையேன்."

போனை எடுத்து நீட்டினேன். அப்பா அதைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஒன்பது விநாடி முடிந்தது. மறுபடி பார்த்தார்.

"நான் செத்துட்டேன்னு ஒனக்கு யாருடா சொன்னா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"ஒங்க போன் அடிக்கல."

"அது பீலித் தண்ணித் தொட்டியில விழுந்திருச்சு. அரிசிக்குள்ள வச்சிருக்கேன்." போனைத் திருப்பித் தந்தார். பிறகு, அந்த நிலையிலும், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் படத்துல நடிக்கிறேன்டா. மூணாவதாக் காணாமப் போற ஆளு நான். ஒனக்குச் சொன்னா, பனியில நிக்காதீங்க, சளி புடிக்கும்னு மூணு தடவ போன் பண்ணுவ. அதான் சொல்லல."

விஷயம் அதுதான். பள்ளிக்கூடத்து யோகேஸ்வரன் சார் ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெயர் 'ஏழாம் நம்பர் மலை'. பனிமூட்டத்துக்குள் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வராமல் போகிறார்கள். நடித்தவர்கள் எல்லாம் தோட்டத்து ஆட்கள். வெள்ளைக் கொடிகள் படப்பிடிப்புக்குக் கட்டியவை. நான் கேட்ட தப்பும் படத்துக்கு ஒலிப்பதிவு செய்தது. தொடக்கத்தில் நடிகர்களின் பெயர்கள் வரும் தலைப்பும் இசையும் லோஜினியின் பொறுப்பு. ஒலிப்பதிவு நடக்கும்போது யார் போனும் அடிக்கக் கூடாது என்று, முதலில் தன் போனை அணைத்தவள் அவள்தான்.

அவள் மேலே மலையிலிருந்து மைக்கோடு இறங்கி வந்தாள். அப்பா போனைக் காட்டினார். அவள் முகத்தையோ தேதியையோ பார்க்கவில்லை. நேரே மூலையைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்ததை நான் பார்த்தேன்.

"வெளக்க எடுக்க மறந்துட்டேன் அண்ணே."

தலைப்பை அவள் தன் மரணக் கார்டின் மேலேயேதான் கட்டியிருந்தாள். அளவுகள் தயாராக இருந்தன, படத்தை மட்டும் மாற்றினால் போதும். மறைவு என்ற இடத்தில் எப்படி இருக்கிறதென்று பார்க்க அன்றைய தேதியை அடித்திருந்தாள். வெள்ளோட்டமாக யோகேஸ்வரன் சாருக்கு அனுப்பினாள். சார் நடிகர்களுக்கு அனுப்பினார். நடிகர்களில் ஒருவர் அப்பாவின் கார்டு வரும் பகுதியை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸில் போட்டார். விளக்கு முத்திரை கூடவே போயிருக்கிறது.

"பதினொரு வருஷம்" என்றாள் லோஜினி.

நாகலெட்சுமி அத்தைதான் அந்த நேரத்தைக் கொஞ்சம் இலேசாக்கினார். "விடு புள்ள. செத்தான்னு சேதி பரவுனா ஆயுசு கெட்டி. வீரய்யாண்ணன் இன்னும் இருபது வருஷம் இருந்து எல்லாரு உசிரயும் வாங்கும்." பிறகு சேலைத் தலைப்பால் என் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டே, "ஆனாலும் ஒரு கார்டப் பாத்ததும் புள்ள பறந்து வந்திருச்சி, பாத்தியா? லோஜினி, நான்தானே நாலாவதாக் காணாமப் போற ஆளு? எனக்கும் ஒரு கார்டு இருக்குமில்ல? அத எம் மகனுக்கு அனுப்பி வுடு. வர்றானான்னு பாப்போம். நாலு வருஷமாச்சு."

"வாயக் கழுவுங்க அத்தை" என்றாள் லோஜினி.

"அனுப்புடி. வந்தான்னா கோழி அடிச்சிக் கொழம்பு வைக்கிறேன். ஒனக்கும் தாரேன்."

சாவுக்கு வாங்கிய மாலையைச் சாமிக்குப் போட முடியாது, வீட்டுக்குள்ளும் கொண்டுபோக முடியாது. அத்தை அதை என் கையிலிருந்து வாங்கி, லயத்துக்குப் பின்னால் ஒரு தேயிலைச் செடியின்மேல் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் கடைக்குப் போனேன். ஒன்பது விநாடி எப்படி ஒரு மனிதனைத் தோஹாவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. லோஜினி தூங்கியதாகத் தெரியவில்லை. மடிகணினியைத் திருப்பி வைத்தாள்.

"இதப் பாருங்க."

ஒரே காட்சி. இரண்டு லயங்களுக்கு நடுவில் ஈரப் பாதை, தண்ணீர் விழும் ஒரு பீலி, அதன்கீழே கவிழ்ந்து கிடக்கும் வாளி. ஆள் இல்லை. முதலில் புல்லாங்குழலோடு போட்டாள். தேயிலைப் பக்கெட் விளம்பரம் மாதிரி இருந்தது. யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே வரப்போகிறாள் என்று தோன்றியது. இரண்டாவது தடவை சத்தமே இல்லாமல். வாளி வெறும் வாளியாக இருந்தது. மூன்றாவது தடவை தப்பு. மூன்று அடி. அவ்வளவுதான். அந்த வாளிக்கு உரிய ஆள் இனி வரப்போவதில்லை என்று என் முதுகு சொன்னது. நாலாவது அடிக்காகக் கழுத்து தானாக முன்னால் நீண்டது.

"வராது" என்றாள். "நாலாவது அடிய வெட்டிட்டேன். காது அதுக்காகக் காத்துக்கிட்டே இருக்கும். அந்த வராத அடியிலதான் பயம் இருக்கு. படம் முடியற எடத்துலதான் அது விழும்."

"கார்டு எதுக்கு?"

"சார் மொதல்ல ரத்தம் வழியுற எழுத்துக் கேட்டாரு. நம்மாளு அதப் பாத்தா சிரிப்பாங்க. கறுப்புக் கரையப் பாத்தாத்தான் நம்மாளுக்கு வயித்தக் கலக்கும். அதனால நடிக்கிறவங்க பேர எல்லாம் கார்டாப் போட்டேன். எந்த வரிசையில கார்டு வருதோ அந்த வரிசையிலதான் படத்துல ஆள் போவாங்க. யாருன்னு மொதல்லயே சொல்லியாச்சு. எப்பன்னு மட்டும் சொல்லல. அடுத்தது வீரய்யா மாமான்னு தெரியும். மாமா சும்மா வெத்தல மடிச்சாக்கூட நமக்கு மூச்சு நிக்கும்."

அவள் குரலில் ஒரு நொடி பெருமை வந்தது. உடனே போய்விட்டது.

"ஆனா ஒங்களுக்கு நடந்தது படம் இல்ல அண்ணே. ரொட்டிப் பொட்டலத்தோட என்ன பஸ்ஸுல ஏத்துனாங்களே, அது மாதிரி ஒங்கள மாலையோட ஏத்திட்டேன். இனிமே என் வெளக்கப் பாத்தா யாரு நம்புவா?"

அப்போது யோகேஸ்வரன் சார் படியேறி வந்தார். நல்ல மனிதர்தான், என்னைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் கண்கள் பளபளத்தன. "லோஜினி, ரியாத், தோஹா, குவைத் எல்லா எடத்துலயும் நம்ம தலைப்பு ஓடுதும்மா! வர்ற ஞாயிறு ஹட்டன்ல படம் போடயில ஹோல் நெறையும்."

"சார், கார்ட எடுத்துருவோம். வேற தலைப்புச் செய்யிறேன்."

"பயந்தாங்கள்ல? அதுதானே நமக்கு வேணும்?"

"படத்துக்குள்ள பயப்படணும் சார். படத்துக்கு வெளிய இல்ல."

"சரி, வெளக்க மட்டும் எடுத்துருங்க."

"வெளக்க எடுத்தாலும் கறுப்புக் கரை என்னோடதுதானே சார்."

சார் இறங்கிப் போனார். கடைசியில் அந்தக் கார்டுகள் ஹட்டன் திரையில் வரவில்லை. "என் போட்டோவ எடுத்துட்டாடா" என்று அப்பாகூடக் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் லோஜினி அவற்றை எடுத்ததற்குக் காரணம் சாரும் இல்லை, நானும் இல்லை; அடுத்த நாட்களில் பரவிய சிரிப்புதான்.

லோஜினி அன்றே திருத்தம் எழுதிக் குழுக்களுக்கு அனுப்பினாள். வீரய்யா மாமா நலமாக இருக்கிறார், அது சினிமாத் தலைப்பு, பிழை என்னுடையது என்று. பயந்த ஆட்கள் இப்போது சிரித்தார்கள். சிரிப்பு பயத்தைவிட வேகமாகப் பரவியது. அப்பாவின் கார்டு ஸ்டிக்கர் ஆனது. வேலைக்குப் பிந்தி வருகிறவனுக்கு அதை அனுப்பினார்கள். இளவட்டங்கள் தங்கள் நண்பர்களுக்குக் கறுப்புக் கரை போட்டு, மூலையில் அந்த விளக்கையும் வரைந்து அனுப்பினார்கள். அப்பா கடைவீதிக்குப் போனால், "மாமா, எப்ப எந்திரிச்சீங்க?" என்றார்கள். அவர் கையை ஆட்டிக்கொண்டே போனார். லோஜினி மட்டும் ஒவ்வொரு ஸ்டிக்கரையும் திறந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழரை மணி. நல்ல வெயில். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். நாகலெட்சுமி அத்தை பீலியடியில் வாளியை வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். வாளி கவிழ்ந்து உருண்டது. நான் ஓடிப் போய்த் தூக்கியபோது கண்கள் திறந்திருந்தன, ஆள் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து வந்தவர் நாடி பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கவிழ்ந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், மூன்று விதமாகப் பார்த்திருக்கிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

லோஜினி வந்தாள். சட்டப்படி குனிந்து முகத்தைப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். கடைக்குப் போய்க் கார்டு செய்தாள். மூலையில் விளக்கை வைப்பதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தாளாம். வைத்தாள். வழக்கமாகச் சேர்க்கும் சோக இசையோடு ஒன்பதரைக்கு அனுப்பிவிட்டு, திரும்பிச் சாவு வீட்டுக்கு வந்தாள்.

வளைகுடாக் குழுவில் முதலில் வந்தது ஒரு சிரிக்கும் முகம். பிறகு நாலு. பிறகு, "அடுத்த ஆள் அத்தையா? சூப்பர்." அதற்குப் பிறகு சின்னத்தம்பியின் குரல் பதிவு. லோஜினி அதை அழுத்தியது, அத்தையைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த இடத்துக்கு ஐந்தடி தூரத்தில். போன் உரத்துப் பேசியது.

"லோஜினி, ஒருக்கா ஏமாந்தேன், ரெண்டாந்தரம் நடக்காது! போட்டோ நல்லாத்தான் எடுத்திருக்க, எங்கம்மா அதுல சின்னப் புள்ள மாதிரி இருக்கு. அதுகிட்டச் சொல்லு, அடுத்த மாசம் கட்டாயம் பேசுறேன்னு." பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் சின்னத்தம்பிக்கு எடுத்தேன். "டேய், அம்மா போயிட்டாங்கடா. நெசமா. என் கையிலதான்..."

"மச்சான், நீயும் சேந்துட்டியா?" சிரித்தான். "பின்னால தப்பு வேற அடிக்குது. ரெண்டாம் பாகம் எடுக்குறீங்களா?"

"சத்தியமாச் சொல்றேன்டா."

"அழுக கொஞ்சம் பத்தாது மச்சான். வீரய்யா மாமா இதவிட நல்லா நடிச்சாரு." வைத்துவிட்டான்.

முற்றத்தில் மூன்று பேர் தப்படித்துக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணிக்கு இறக்கி வைப்பார்கள். மற்றபடி சவம் எடுக்கும்வரை அதை நிறுத்தச் சொல்வது எங்கள் ஆட்களுக்குக் கெட்ட காரியம். லோஜினி அவர்களிடம் போனாள்.

"மாமா, ரெண்டு நிமிஷம் நிப்பாட்டுங்க."

மூத்தவர் காதில் விழாததுபோல அடித்தார். அவள் மறுபடி சொன்னாள்.

"என்னா பேச்சு பேசுற? செத்தவங்களுக்கு அடிக்கிறது. நிப்பாட்டச் சொல்றியா?"

"இந்தச் சத்தத்தக் கேட்டா மகன் சினிமான்னு நெனைக்கிறாரு மாமா. நான்தான் அப்படி நெனைக்க வச்சேன். நான்தான் சொல்லணும். ரெண்டே நிமிஷம்."

அவர் அவளைப் பார்த்தார். ஓங்கிய குச்சியை மெதுவாக இறக்கினார். மற்ற இருவரும் நிறுத்தினார்கள். அவள் உள்ளே வந்து பெண்களைக் கும்பிட்டாள். "ரெண்டு நிமிஷம் அழாதீங்க." யாரோ ஒரு பிள்ளையின் வாயைப் பொத்தினார்கள். பீலித் தண்ணீர் விழுவது மட்டும் கேட்டது. எங்கள் தோட்டத்தில் ஒரு சாவு வீடு அப்படி அமைதியாக இருந்து நான் கண்டதில்லை.

வீடியோ அழைப்பில் சின்னத்தம்பி முகம் வந்தது. இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. லோஜினி போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அண்ணே, நான் லோஜினி. ஒங்க அம்மா செத்துட்டாங்க. இன்னைக்குக் காலையில ஏழரைக்கு, பீலியடியில."

தவறிட்டாங்க என்றோ சீரியஸ் என்றோ சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போனைத் திருப்பினாள். அசைக்காமல், நெருங்காமல், அத்தையின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு ஈ வந்து அத்தையின் மூக்கில் உட்கார்ந்தது. அத்தை அதை ஓட்டவில்லை.

சின்னத்தம்பி எதற்காகவோ காத்திருந்தான். இசைக்கோ, யாராவது சிரிப்பதற்கோ. எதுவும் வரவில்லை. அவன் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை; போக வழி தெரியாமல் வாயோரத்தில் நின்றது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

"அம்மா" என்றான். பிறகு வெகுநேரம் திரையில் ரியாத்தின் ஒரு சுவர் மட்டும் தெரிந்தது. போன் கையிலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

மறுபடி குரல் வந்தது. ஆள் தெரியவில்லை.

"லோஜினி. தப்பு அடிச்சிக்கிட்டு இருந்துச்சே. ஏன் நின்னுச்சு?"

"நான்தான் நிப்பாட்டச் சொன்னேன் அண்ணே. நீங்க நம்பணும்னு."

"அடிக்கச் சொல்லு." மூச்சு வாங்கினான். "நான் வர்ற வரைக்கும் அடிக்கச் சொல்லு."

லோஜினி வாசலுக்குப் போய்த் தலையை ஆட்டினாள். மூத்தவர் குச்சியை எடுத்தார். மூன்று அடி மெலிதாக விழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். லோஜினியும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாலாவது கனமாக விழுந்தது.